உங்க வயசு என்ன? கொரியா கேட்கும் முதல் கேள்வி

"தென்கொரியாவுக்குப் படிக்கப் போறேன், வேலைக்குப் போறேன், அங்க எப்படி நடந்துக்கணும்னு ஒரு எபிசோட் பண்ணுங்க"ன்னு ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்கீங்க. முதல்ல அந்தப் பட்டியலைச் சொல்லிடறேன், அது ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும்.

பெரியவங்களுக்கு எதைக் கொடுத்தாலும் ரெண்டு கையால கொடுங்க. சொஜு ஊத்தும்போதும் ரெண்டு கை. மூத்தவர் முன்னாடி குடிக்கறீங்கன்னா முகத்தை ஒரு பக்கமா திருப்பிக்கிட்டுக் குடிங்க. சாப்பாட்டுல பெரியவர் ஸ்பூனை எடுக்கறவரைக்கும் காத்திருங்க. சாதத்துல சாப்ஸ்டிக்கை நட்டு வைக்காதீங்க, அது செத்தவங்களுக்குப் படைக்கிற மாதிரி. யார் பேரையும் சிவப்பு மையில எழுதாதீங்க. வீட்டுக்குள்ள செருப்பு கூடாது, அது நமக்குச் சொல்லவே வேண்டாம். குப்பை போடறதுக்கு உங்க ஏரியாவுக்கான பையைக் கடையில காசு கொடுத்து வாங்கணும். 1995-லேர்ந்து நாடு முழுக்க இதுதான் முறை. சாப்பாட்டுக் கழிவு தனியா போடணும், ஆனா கோழி எலும்பு சாப்பாட்டுக் கழிவுல சேராது. அது சாதாரணக் குப்பை. ஏன்னு கேட்டா, மிருகங்களுக்குத் தீவனமா மாத்த முடியாதது எதுவும் சாப்பாட்டுக் கழிவு இல்லன்னு ஒரு பொதுக் கணக்கு.

அவ்ளோதான். இதுல தப்புப் பண்ணினாலும் வெளிநாட்டுக்காரர்னு சிரிச்சிட்டு விட்டுடுவாங்க. ரெண்டு வாரத்துல தானா பழகிடும்.

வெளிநாட்டுக்காரங்க உண்மையிலேயே மாட்டிக்கறது வேற இடத்துல. கொரியா உங்ககிட்ட சில கேள்விகள் கேட்கும். வயசு என்ன, நீ யாரு வம்சம், உன் நம்பர் என்ன. இதெல்லாம் "ஆயிரம் வருஷப் பண்பாடு"ன்னு சொல்லித்தான் விளக்குவாங்க. எனக்கு வரலாறு படிக்கப் படிக்க அப்படித் தெரியல. ஒரு டேட்டாபேஸ்ல யாரோ ஒருத்தர் ஒரு தேதியில ஒரு காலத்தைச் சேர்த்த மாதிரிதான் தெரியுது. அந்தக் காலத்துக்குள்ள பொருந்தாதவங்க என்ன ஆனாங்கங்கறதுதான் இன்னைய கதை.

முதல்ல வயசு. அறிமுகமான அஞ்சாவது நிமிஷத்துல உங்க வயசைக் கேட்பாங்க. நம்ம ஊர்ல சம்பளம் கேட்கற மாதிரி வம்புக்கு இல்ல. வயசு தெரியாம அவங்களால உங்ககிட்ட ஒரு வாக்கியம்கூட ஒழுங்கா பேச முடியாது. தமிழ்ல "நீ"யா "நீங்க"ளாங்கற சிக்கல் எதிர்ல இருக்கறவரைப் பத்திப் பேசும்போதுதான் வரும். கொரிய மொழியில மழையைப் பத்திப் பேசினாக்கூட வரும். கோயம்புத்தூர்க்காரங்களுக்கு இது உடனே புரியும். "மழை பெய்யுது" வேற, "மழை பெய்யுதுங்க" வேற இல்லையா? அந்த "ங்க"வை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் போடணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணியே ஆகணும். மரியாதையில்லாத நெருக்கமான பேச்சுக்குப் பேரு பன்மல். ஒருத்தரோட பன்மல் பேசலாமான்னு வாய்விட்டு அனுமதி கேட்கறது அங்க சாதாரணம்.

நீங்க கே-டிராமா பார்க்கறவங்கன்னா ஓப்பா, ஒன்னி, ஹ்யங், நூனா எல்லாம் தெரிஞ்சிருக்கும். பொண்ணுங்க அண்ணனைக் கூப்பிடறது ஓப்பா, அக்காவைக் கூப்பிடறது ஒன்னி. பசங்க கூப்பிடறது ஹ்யங், நூனா. "சிங்கு"ன்னா நண்பன். ஆனா வழக்கத்துல ஒரே வயசுக்காரன் மட்டும்தான் சிங்கு. ஒரு வருஷம் மூத்தவன் எவ்வளவு உயிர் நண்பனா இருந்தாலும் ஹ்யங்தான். (அம்மாவை "ஒம்மா", அப்பாவை "அப்பா"ன்னு கூப்பிடறாங்களே, தமிழும் கொரியமும் சொந்தமான்னு இன்பாக்ஸ்ல கேட்காதீங்க. ஹோமர் ஹல்பர்ட்னு ஒரு அமெரிக்கர் 1905-லயே கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுப் புத்தகம் போட்டார். மொழியியல்காரங்க அதை ஏத்துக்கல.)

சரி, இந்த ஒரு வருஷக் கறார் எங்கேருந்து வந்துச்சு? வழக்கமான பதில் கன்பூசியஸ். 1392-லேர்ந்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல ஆண்ட சோசன் அரசு கன்பூசிய நெறியை அரசு நெறியாவே வெச்சிருந்துச்சு. மூத்தவருக்கும் இளையவருக்கும் நடுவுல ஒழுங்கு இருக்கணும்ங்கறது அதோட ஐந்து உறவு நெறிகள்ல ஒண்ணு. அது உண்மைதான். ஆனா அதே சோசன் காலத்துல ரொம்பப் பிரபலமான நண்பர்கள் ரெண்டு பேர் இருக்காங்க. இ ஹாங்-பொக், இ தொக்-ஹ்யொங். ரெண்டு பேருமே அரசாங்கத்துல உச்சிக்குப் போன அமைச்சர்கள். இவங்க நட்பைப் பத்தி இன்னைக்கும் கொரியக் குழந்தைகளுக்குக் கதை சொல்றாங்க. ஒருத்தர் 1556-ல பிறந்தார், இன்னொருத்தர் 1561-ல. அஞ்சு வருஷ வித்தியாசம்! இன்னைய கணக்குப்படி அவங்க சிங்குவே கிடையாது.

அப்போ ஒரு வருஷத்தையும் விடாத இந்தக் கணக்கு பிற்பாடு வந்தது. 1910-லேர்ந்து 1945 வரைக்கும் ஜப்பான் கொரியாவை ஆண்டுச்சு. அப்போ வந்த ஜப்பானிய பாணிப் பள்ளிகள்ல மேல் வகுப்புக்காரன், கீழ் வகுப்புக்காரன்ங்கற ஒழுங்கு ராணுவக் கட்டுப்பாட்டோட வந்துச்சு. இன்னைக்குக் கொரியக் கல்லூரியிலயும் ஆபீஸ்லயும் கேட்கற "சன்பே" (சீனியர்), "ஹூபே" (ஜூனியர்) ரெண்டும் ஜப்பானியத்துல "சென்பாய்", "கோஹாய்". எழுத்துகூட ஒண்ணுதான். விடுதலைக்கு அப்புறம் எல்லா ஆண்களுக்கும் கட்டாய ராணுவ சேவை. ஒரே வருஷம் பிறந்தவங்க ஒரே வருஷம் பள்ளியில சேர்ந்து, படிச்சு, ராணுவத்துக்குப் போய், வேலைக்கு வர்ற ஒரு சமூகத்துல பிறந்த வருஷமே பதவி மாதிரி ஆகிடுது. பள்ளியும் ராணுவமும்தான் இந்தக் கறாருக்குக் காரணம்னு வாதிடற ஆய்வாளர்கள் உண்டு. எனக்கும் அதுதான் சரியாப் படுது.

இதுல பெரிய வேடிக்கை, வயசை எண்றதே ஒரே மாதிரி கிடையாது. பாரம்பரியக் கணக்குல பிறந்த அன்னைக்கே ஒரு வயசு. அதுக்கப்புறம் உங்க பிறந்தநாள் எப்போங்கறது பிரச்சனையே இல்ல, ஜனவரி 1 வந்தா எல்லாருக்கும் ஒண்ணு கூடும். டிசம்பர் 31 ராத்திரி பிறந்த குழந்தைக்கு மறுநாள் காலையில ரெண்டு வயசு. இண்டெக்ஸ் பூஜ்யத்துலேருந்தா ஒண்ணுலேருந்தான்னு நம்ம ஆபீஸ்ல சண்டை போடறோமே, ஒரு நாடே அந்தச் சண்டையைப் போட்டுச்சு. இந்தக் கணக்கு ஒரு காலத்துல சீனா, ஜப்பான்லயும் இருந்ததுதான். ஜப்பான் 1950-லயே சட்டம் மூலமா கைவிடச் சொல்லிடுச்சு. வடகொரியாகூட விட்டுடுச்சு. தென்கொரியாவில சிவில் சட்டம் 1960-கள்லேருந்தே பிறந்தநாள் கணக்கைத்தான் ஏத்துக்கிட்டுது. ஜனங்க மட்டும் பழைய கணக்கையே பேசிட்டிருந்தாங்க. போதாததுக்கு மூணாவது ஒண்ணு: நடப்பு வருஷத்துலேருந்து பிறந்த வருஷத்தைக் கழிக்கறது. மது வாங்கறதுக்கும் ராணுவத்துக்கும் அந்தக் கணக்கு.

ஆக ஒரு ஆளுக்கு மூணு வயசு. சிரிக்கலாம், ஆனா காசு விஷயத்துல சிரிப்பு வராது. ஒரு நிறுவனத்துல தொழிற்சங்கத்தோட போட்ட ஒப்பந்தத்துல, இந்த வயசுலேருந்து சம்பளம் குறையும்னு ஒரு எண் எழுதியிருந்தாங்க: 56. எந்தக் கணக்குல 56? பிறந்தநாள் கணக்குல 55 முடிஞ்சதுமே குறைக்கலாமா, 56 முடியணுமா? இந்த ஒரு வருஷச் சம்பளத்துக்காக வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2022-ல தீர்ப்பு வந்துச்சு: 55 முடிஞ்சாப் போதும்னு. யூனிட் எழுதாம விட்ட ஒரு எண்ணால வந்த வினை.

2022 டிசம்பர்ல நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்துச்சு. 2023 ஜூன் 28-லேர்ந்து, அரசு ஆவணத்துலயும் ஒப்பந்தத்துலயும் வயசுன்னு எழுதினா அது பிறந்தநாள் கணக்குத்தான். ஒரே நாள்ல நாடு முழுக்க ஒண்ணு ரெண்டு வயசு குறைஞ்சுடுச்சுன்னு உலகம் பூரா செய்தி. ஆனா மது, சிகரெட், ராணுவம், பள்ளிச் சேர்க்கை இதுல எல்லாம் வருஷக் கணக்கு அப்படியே இருக்கு. இப்பவும் ஜனவரி 1 நள்ளிரவு பன்னிரண்டு அடிச்சதும், அந்த வருஷம் 19 ஆகப்போற பசங்க கூட்டமா மதுக்கடைக்குப் போவாங்க. மரியாதைக் கணக்கும் மாறல. அதனால உங்ககிட்ட வயசு கேட்டா எண்ணைச் சொல்லாதீங்க, பிறந்த வருஷத்தைச் சொல்லுங்க. அவங்களே இப்போ பெரும்பாலும் "எந்த வருஷம் பிறந்தீங்க"ன்னுதான் கேட்கறாங்க.

அதுலயும் ஒரு ஓட்டை. கொரியாவில பள்ளி மார்ச்ல தொடங்கும். முன்னெல்லாம் மார்ச்லேருந்து அடுத்த பிப்ரவரி வரைக்கும் பிறந்தவங்க ஒரே வகுப்பு. அதாவது 1991 ஜனவரியில பிறந்தவன் 1990 பசங்களோட படிச்சான். அவங்க அவனுக்குச் சிங்கு. பிற்பாடு ஆபீஸ்ல 1991 ஜூன்ல பிறந்த ஒருத்தன் வர்றான். ரெண்டு பேரும் ஒரே வருஷம், சிங்கு ஆகிடறாங்க. இப்போ 1990-காரனும் 1991 ஜூன்காரனும் சந்திச்சா? ஒருத்தன் இன்னொருத்தனை ஹ்யங்னு கூப்பிடணும். நடுவுல இருக்கறவன் ரெண்டு பேருக்கும் சமம், ஆனா அந்த ரெண்டு பேரும் தங்களுக்குள்ள சமமில்ல. சார்ட் ஃபங்ஷன் எழுதினவங்களுக்குத் தெரியும், இப்படி ஒரு ஒப்பீட்டைக் கொடுத்தா அது எங்கேயாவது போய் உடையும். கொரியர்கள் இதுக்குச் சொல்ற வாக்கியம் "ஜொக்போ சிக்கலாயிடுச்சு". 2000-களோட கடைசியில பள்ளிச் சேர்க்கையை ஜனவரி–டிசம்பர்னு மாத்திட்டதால, இனி வர்ற தலைமுறைக்கு இந்தப் பிரச்சனை இல்ல.

ஜொக்போன்னா வம்சாவளி ஏடு. அங்கேருந்துதான் ரெண்டாவது கேள்வி.

கொரியாவில அஞ்சுல ஒருத்தருக்குக் குடும்பப் பேர் கிம். ஆனா கிம் எல்லாரும் ஒண்ணு இல்ல. மூதாதையோட ஊரையும் சேர்த்துச் சொல்லணும். அந்த ஊர்ப்பேருக்குப் பொன்குவான்னு பேரு. கிம்ஹே ஊர் கிம் மட்டும் நாப்பது லட்சத்துக்கு மேல. ஒரே பேரும் ஒரே ஊரும் இருந்தா அவங்க பங்காளிங்க மாதிரி, கல்யாணம் பண்ணக்கூடாது. நாப்பது லட்சம் பங்காளிங்க! வழக்கம்னு மட்டும் இருந்தா பரவாயில்ல. 1960-ல நடைமுறைக்கு வந்த சிவில் சட்டத்துல இதை எழுதியே வெச்சுட்டாங்க. ஆறேழு நூற்றாண்டுக்கு முன்னாடி பிரிஞ்ச கிளையா இருந்தாலும் கல்யாணத்தைப் பதிவு பண்ண முடியாது. சேர்ந்து வாழ்ந்தவங்க வாழ்ந்துட்டுத்தான் இருந்தாங்க, ஆனா காகிதத்துல கணவன் மனைவி இல்ல. அதனால சொத்து, காப்பீடு, குழந்தையோட பதிவு எல்லாத்துலயும் இழுபறி. அரசாங்கத்துக்கே சங்கடமாகி 1978, 1988, 1996-ல ஒவ்வொரு வருஷம் மட்டும் ஜன்னலைத் திறந்து, இந்த வருஷத்துக்குள்ள வந்து பதிவு பண்ணிக்கோங்கன்னாங்க. சட்டத்தை மாத்தாம பத்து வருஷத்துக்கு ஒருமுறை பேட்ச் போடறது. எதுக்கு இந்தப் பிடிவாதம்? கன்பூசிய அமைப்புகளோட எதிர்ப்பு. கடைசியில 1997 ஜூலையில அரசியலமைப்பு நீதிமன்றம் இந்தத் தடை அரசியலமைப்புக்குப் பொருந்தாதுன்னுடுச்சு. சட்டப் புத்தகத்துல வரி மாறினது 2005-ல.

இதையும் ஆதிகாலப் பண்பாடுன்னு சொல்ல முடியாது. சோசனுக்கு முன்னாடி இருந்த கொர்யோ அரசுல, பத்தாம் நூற்றாண்டு மன்னர் குவாங்ஜொங் கட்டினதே தன்னோட மாற்றாந்தாய் வழித் தங்கையைத்தான், அதாவது ஒரே அப்பாவோட பொண்ணை. சோசன்தான் சீனாவோட மிங் சட்டத்தை எடுத்துக்கிட்டு இதை இறுக்குச்சு. நீங்க கேள்விப்பட்டிருக்கற அந்த "கொரியாவுக்குப் போன இந்திய இளவரசி" ஹோ ஹ்வாங்-ஓக் கதையும் இந்த வம்ச விஷயம்தான். 13-ஆம் நூற்றாண்டுல எழுதின சம்குக் யுசாங்கற நூல், அவங்க அயுதான்னு ஒரு நாட்டுலேருந்து வந்ததா சொல்லுது. அது அயோத்தியா, நம்ம பக்கமான்னு சண்டை ஓடிட்டே இருக்கு. அதை விடுங்க. கிம்ஹே கிம், கிம்ஹே ஹோ ரெண்டு வம்சமும் அந்த ஒரே ராணியோட பிள்ளைங்க வழின்னு நம்பறதால, பேர் வேற வேறயா இருந்தாலும் கல்யாணம் பண்ணிக்காம இருந்தாங்க. கதைதான், ஆனா யாரை யார் கட்டலாம்ங்கற அளவுக்கு வேலை செஞ்ச கதை.

வெளிநாட்டுக்காரங்க குடியுரிமை வாங்கினா புது வம்சமே தொடங்கலாம். ஜெர்மனியில பிறந்து, பின்னாடி கொரிய சுற்றுலாக் கழகத்துக்கே தலைவரான இ சாம், "ஜெர்மனி ஊர் இ" வம்சத்தோட முதல் மூதாதை. எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு.

மூணாவது கேள்விதான் தினமும் உங்களைத் தொடர்ந்து வரும்: நம்பர்.

1968 ஜனவரி 21. வடகொரியாவோட 31 கமாண்டோக்கள் எல்லை தாண்டி, அதிபர் பாக் சுங்-ஹீயைக் கொல்ல சியோலுக்குள்ள வந்துட்டாங்க. அதிபர் மாளிகைக்குச் சில நூறு மீட்டர் தூரத்துலதான் நிறுத்தினாங்க. அதுக்கப்புறம் யார் ஒற்றன், யார் குடிமகன்னு பிரிக்கறதுக்காக அதே வருஷம் எல்லாருக்கும் நம்பரும் அட்டையும் வந்துச்சு. அதிபருக்குக் கொடுத்த எண் 110101-100001. 1975-ல அது 13 இலக்கம் ஆச்சு. முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்தது பாலினம், அப்புறம் பதிவான ஊரோட குறியீடு, வரிசை எண், கடைசியில ஒரு செக்சம்.

இந்த மாதிரி எண்ணுக்குள்ள அர்த்தத்தைத் திணிக்காதேன்னு நம்ம சீனியர்கள் ஏன் கத்தறாங்கன்னு இங்க பார்க்கலாம். வடகொரியாவிலேருந்து தப்பி வர்றவங்க முதல்ல ஹானாவொன்ங்கற மையத்துல பயிற்சி எடுப்பாங்க. அது அன்சொங்ங்கற ஊர்ல இருக்கு. அதனால அவங்க எண்கள்ல அந்த ஊர்க் குறியீடே விழுந்துச்சு. எண்ணைப் பார்த்தாலே இவர் வடக்கேருந்து வந்தவர்னு கண்டுபிடிக்கலாம். சீனா அந்த இலக்கங்களைப் பார்த்து விசா மறுத்துச்சு. தப்பிச்சு வந்தவங்களோட உயிர் விஷயம் இது. 2009-ல சட்டத்தைத் திருத்தி, அவங்க ஒருமுறை எண்ணை மாத்திக்கலாம்னு அனுமதிச்சாங்க. மத்த குடிமக்களுக்கு மாத்தவே முடியாது. 2011-ல நேட், சைவேர்ல்ட் தளங்கள்லேருந்து மூணரைக் கோடிப் பேரோட விவரம் திருடு போச்சு. பாஸ்வேர்ட் போனா மாத்தலாம், பிறந்த தேதியை எப்படி மாத்த? நீதிமன்றம் போய்த்தான் 2017-லேர்ந்து, பாதிக்கப்பட்டவங்க மாத்திக்கலாம்னு ஆச்சு. ஊர்க் குறியீட்டை எடுத்துட்டு ரேண்டம் எண் போட ஆரம்பிச்சது 2020 அக்டோபர்ல.

வெளிநாட்டுக்காரங்க இதுல எங்க வர்றோம்? 90 நாளுக்கு மேல தங்கறதா இருந்தா பதிவு பண்ணணும், நமக்கும் 13 இலக்க எண் கிடைக்கும். ஆனா பாலின இடத்துல 1, 2, 3, 4-க்குப் பதிலா 5, 6, 7, 8. அந்த ஒரு இலக்கத்தை எதிர்பார்க்காம எழுதின இணையதளம் "தவறான எண்"னு சொல்லிடும். இப்போ தளங்கள் எண்ணை வாங்கக் கூடாது, அதுக்குப் பதிலா செல்போன் மூலமா அடையாளம் சரிபார்க்கறாங்க. சினிமா டிக்கெட்லேருந்து சாப்பாடு ஆர்டர் வரைக்கும் அது குறுக்க வரும். அங்க உங்க பேரை, செல்போன் நிறுவனத்துல எப்படிப் பதிவாச்சோ அப்படியே, இடைவெளி உட்பட, அடிக்கணும். கொரியப் பேர் பெரும்பாலும் மூணே எழுத்து. அப்பா பேரையும் சேர்த்து நீளமா ஒரு பாஸ்போர்ட் பேரை வெச்சிருக்கற நமக்கு... புரியுதுல்ல? நான் சொல்ற ஒரே நடைமுறை யோசனை: சிம் வாங்கும்போதே, பேரை எப்படிப் பதிவு பண்ணினாங்கன்னு திரையைக் காட்டச் சொல்லி போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

இது வெளிநாட்டுக்காரங்க புலம்பல்னு ஒதுக்கிட முடியாது. ஆன்லைன்ல காசு கட்ட கொரிய அரசு 1999 சட்டப்படி ஒரு சான்றிதழைக் கொண்டுவந்துச்சு. அது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்ல ஆக்டிவ்எக்ஸ் இருந்தாத்தான் ஓடும். நல்ல எண்ணத்துல, அந்தக் காலத்துக்குப் பாதுகாப்பா செஞ்சதுதான். ஆனா பதினஞ்சு வருஷம் கழிச்சும் நாடே அதுல சிக்கிக் கிடந்துச்சு. 2014-ல ஒரு சீரியல் சீனாவில பிச்சுக்கிட்டு ஓட, அதுல நாயகி போட்டிருந்த கோட்டைச் சீன ரசிகர்கள் கொரியத் தளத்துல வாங்கப் பார்த்து முடியாம போச்சு. அதிபரே கூட்டத்துல அந்தக் கோட்டைச் சொல்லிக் குறைபட்டாங்க. அந்தச் சான்றிதழோட தனி அந்தஸ்து போனது 2020 டிசம்பர்ல. ஒரு கோட்டுக்கு அசைஞ்ச அரசாங்கம்!

கோட்டுக்கு அசைஞ்சதைவிட மெதுவா அசைஞ்ச ஒண்ணைச் சொல்லி முடிக்கறேன். கொரியக் குடும்பங்களுக்கு, ஒரு வீட்டுல யார் யார் இருக்காங்கன்னு காட்டற ஒரு தாள் உண்டு. நம்ம ரேஷன் கார்டுல பேர் இருக்கற மாதிரி. பள்ளிக்கூடம், பேங்க் எல்லாத்துக்கும் அது வேணும். அந்தப் பதிவேடு குடிமக்களுக்கானது. வெளிநாட்டவர் பதிவு வேற ஒரு பட்டியல். அதனால ஒரு கொரியரை வியட்நாமிய, பிலிப்பைன்ஸ் பொண்ணு கட்டிக்கிட்டா, அதே வீட்டுல பத்து வருஷம் இருந்தாலும் அந்தத் தாள்ல வழக்கமா அவங்க பேர் வராது. அப்பா பேர் இருக்கும், குழந்தைங்க பேர் இருக்கும். பள்ளியில பார்த்தா அம்மா இல்லாத குடும்பம். ரெண்டு டேபிளை ஜாயின் பண்ணாம விட்டதுதான், வேற யாரும் கெட்ட எண்ணத்துல பண்ணல. ஆனா அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுக்கறது எட்டு வயசுக் குழந்தை.

2018 மார்ச்லேருந்து வெளிநாட்டு மனைவி, கணவன் பேரும் அதே தாள்ல அச்சாகுது.

வீட்டு வாடகை, ஜொன்சேன்னு சொல்ற பெரிய அட்வான்ஸ் முறை பத்தியும் கேட்டிருந்தீங்க. அது தனிக் கதை, அடுத்த எபிசோட்ல.